கடலைக்காய் பரிஷெயின் வயது
பெங்களூர்ச் சுங்கேனஹள்ளியின் குளிர்காலச் சந்தையும் அதன் வரலாற்றுச் சான்றுகளும்

தெற்குப் பெங்களூரில் பசவனகுடிக் குன்றின் மேல் நிற்கும் பெரிய நந்தி கோயிலைச் சுற்றி, கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று வேர்க்கடலைச் சந்தை ஒன்று கூடுகிறது. கன்னடத்தில் அதன் பெயர் ‘கடலைக்காய் பரிஷெ’. புல் டெம்பிள் சாலையின் இருமருங்கும் பச்சைக்கடலையும் வறுத்த கடலையும் குவியல் குவியலாகக் கிடக்கும். வேகவைத்த கடலையின் ஆவி காலைப் பனியோடு கலந்து எழும். கோலார், சிந்தாமணி, மாகடி, துமகூருப் பக்கத்து விவசாயிகளும் வியாபாரிகளும் வருவார்கள். ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டின் எல்லை மாவட்டங்களிலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கும். சேர் கணக்கில் அளந்து கொட்டுவது இன்னும் முழுதாக மறையவில்லை.

இந்தச் சந்தைக்கு ஏறத்தாழ 500 ஆண்டு வயது என்று நாளிதழ்களும் சுற்றுலாக் கையேடுகளும் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அந்த வயதுக்குச் சான்று உண்டா, உண்டென்றால் எதன் வயதுக்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சந்தை நடக்கும் நாள், சந்தையின் பொருள், சந்தை நடக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தவை என்று வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குளிரும் அறுவடையும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், சனவரி இரவுகளில் வெப்பம் பெரும்பாலும் 15, 16 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். நகரின் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பம் 1884 சனவரி 13 அன்று பதிவான 7.8 டிகிரி. பனிப்பொழிவைக் கண்ட நாட்டவருக்கு இது குளிராகவே தோன்றாது. ஆனால் சமவெளித் தமிழர்களுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் மப்ளரும் தேவைப்படும் குளிர்தான். இந்நகரில் குளிர்காலத்தை அறிவிப்பவை பனியைக் காட்டிலும் தெருவில் வந்து குவியும் விளைபொருள்களே. கார்த்திகத்தில் வேர்க்கடலை, மார்கழியிலிருந்து தை வரை மாகடிப் பக்கத்து அவரைக்காய், சங்கராந்திக்குக் கரும்பும், எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை கலந்து வீடு வீடாகப் பகிரும் ‘எள்ளு பெல்ல’வும். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைக்கும் வேலையில் இந்தப் பருவத்தில் வீட்டுப் பெண்களின் பிற்பகல் கரைந்துபோகும். ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளிலும் இதே பிதுக்குப்பருப்புதான்.

வேர்க்கடலை கார்த்திகத்தில் வந்து சேர்வதற்குக் காரணம் மழை. இந்த மேட்டு நிலத்துச் செம்மண்ணில் மானாவாரிக் கடலை சூன், சூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. சுமார் நான்கு மாதப் பயிர். மஞ்சள் பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து விழுது ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து உள்ளே சென்று காயாகத் திரள்கிறது. இளகிய, மணல் கலந்த செம்மண் இதற்கு வாகானது. அக்டோபர், நவம்பரில் செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்து உலர்த்தி முடிக்கும்போது கார்த்திகம் வந்துவிடும். முதல் விளைச்சலைத் தெய்வத்துக்குப் படைக்க அந்த மாதத்தைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. சந்தை அந்த நாளில் நடப்பதை விளக்க இந்த வேளாண் காரணமே போதும், தொன்மம் தேவையில்லை.

கதை சொல்வது

தொன்மம் வேறு விதமாகச் சொல்கிறது. இன்றைய பசவனகுடி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் சுங்கேனஹள்ளி என்ற சிற்றூர் இருந்தது. அதையும் அருகிலிருந்த கவிபுரம், குட்டஹள்ளி, மாவள்ளி, தாசரஹள்ளி முதலிய ஊர்களையும் சேர்ந்த விவசாயிகள் கடலை பயிரிட்டார்கள். பௌர்ணமி இரவுகளில் ஒரு காளை புகுந்து பயிரை அழித்தது. ஒருவர் தடியால் அடிக்க, காளை அங்கேயே கல்லாகிவிட்டது. கல் வளரவும் தொடங்கியது. அஞ்சிய மக்கள் அதன் தலையில் இரும்பு முளை ஒன்றை அறைந்து வளர்ச்சியை நிறுத்தினார்கள் என்பது ஒரு வடிவம். முதல் விளைச்சலைப் படைப்பதாக நேர்ந்துகொண்டார்கள் என்பது இன்னொரு வடிவம். பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் 1537இல் அங்கே கோயில் எழுப்பினார் என்று கதை முடிகிறது. ஒரே பாறையில் செதுக்கிய நந்தி சுமார் 15 அடி உயரமும் 20 அடி நீளமும் கொண்டது. கரியும் எண்ணெயும் பூசிப் பூசிக் கருமை ஏறியிருக்கிறது. அதன் காலடியிலிருந்தே விருஷபாவதி ஆறு பிறக்கிறது என்பதும் அதே மரபின் பகுதி.

கதையில் ஓர் உழவர் உடனே கேட்கக்கூடிய ஐயம் உண்டு. காளை மேய்வது மேலே படர்ந்த கொடியைத்தான். காய் மண்ணுக்குள் இருக்கிறது. கடலைக்கொடி மாட்டுக்கு நல்ல தீவனம். ஆகவே கொடி முற்றாத காலத்தில் மேய்ந்து பயிரைக் கெடுத்திருக்கலாம். ஆனால் இன்று சந்தையைத் தொடங்கும்போது அலங்கரித்த காளைகளுக்கு ஊட்டப்படுவது காய். காளைக்குக் காய் பிடிக்கும் என்ற நம்பிக்கை, கடலை வயலைவிடக் கடலை வியாபாரத்தை அதிகம் அறிந்த சூழலில் உருவானது என்று கருத இடமிருக்கிறது.

பயிரின் சான்று

கதையின் காலத்தைச் சோதிக்க மிக உறுதியான கருவி பயிரே. வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பழைய உலகத்தில் 1492க்கு முன் அது கிடையாது. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் இந்தியக் கடற்கரைக்கும், ஸ்பானியர் பெருவிலிருந்து பிலிப்பைன்சுக்கும் அதைக் கொண்டுசென்றனர். வட தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் ‘மணிலாக்கொட்டை’ என்ற பெயர் இரண்டாவது பாதையை நினைவூட்டுகிறது.

கப்ரால் பிரேசில் கரையைத் தொட்டு அதே பயணத்தில் கோழிக்கோட்டுக்கு வந்தது 1500இல். போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510இல். ஆகவே 1537க்கு முன் ஒரு கைப்பிடி வேர்க்கடலை மேற்குக் கடற்கரையில் எங்கோ இறங்கியிருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கதை கேட்பது கைப்பிடியை அல்ல. ஐந்தாறு ஊர்களின் முதன்மைப் பயிராக, காளை அழித்தால் ஊரே கலங்கும் அளவுக்கு, கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருந்த மேட்டு நிலத்தில் கடலை விளைந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. 37 ஆண்டுகளில் அது நடந்திருக்க முடியாது என்றே சொல்ல வேண்டும்.

1800ஆம் ஆண்டில், திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, பிரான்சிஸ் புக்கானன் மைசூர் நாட்டின் வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்டார். பெங்களூரைச் சுற்றி அவர் விரிவாக விவரிப்பது கேழ்வரகு வயல்களை, கேழ்வரகோடு ஊடுபயிராக வந்த அவரை, துவரை, உச்செள்ளு ஆகியவற்றை, கொள்ளையும் ஆமணக்கையும். இந்த நிலக்காட்சியின் நடுவில் வேர்க்கடலைக்கு இடமில்லை. புக்கானன் எதையும் விட்டிருக்க மாட்டார் என்பதல்ல வாதம். கிழக்கிந்தியக் கும்பினி நிர்வாகத்துக்குப் பயன்படும் பயிர்களே அவருக்கு முதன்மை. ஆனால் எண்ணெய் வித்துகள் அவருடைய அக்கறைக்கு உட்பட்டவை. உச்செள்ளையும் ஆமணக்கையும் கவனித்தவர் ஊரின் முதன்மைப் பயிராக இருந்த கடலையைக் கவனிக்காமல் போவது கடினம்.

வேர்க்கடலை தென்னிந்தியாவில் பெரும் பயிரானது 19ஆம் நூற்றாண்டில். அதற்குக் காரணம் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகள். தென்னார்க்காட்டு நிலங்களிலிருந்து கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக அங்கே போனது. பெங்களூர் தண்டு (கன்டோன்மென்ட்) சோலையார்பேட்டையோடு 1864இல் இரயிலால் இணைந்தபோது மேட்டு நிலத்துச் சரக்குக்குக் கடற்கரைச் சந்தை எட்டும் தொலைவுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டில் விதையும் இதே திசையிலிருந்து வந்தது. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து திண்டிவனம் ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற இரகம் பல பத்தாண்டுகள் கர்நாடக விவசாயிகளின் கையில் முதன்மையாக இருந்தது. பசவனகுடிச் சந்தையில் குவிந்த கடலையில் பெரும்பங்கு நெடுநாள் ஒரு தமிழ்நாட்டு இரகத்தின் வழிவந்தது என்பது சந்தையைப் பற்றிப் பேசுவோர் அரிதாகவே நினைவுகூரும் செய்தி.

வேறு ஒரு கடலையா?

மரபைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கன்னடத்தில் ‘கடலெ’ என்பது முதலில் கொண்டைக்கடலைக்குரிய பெயர். அது இந்தியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளையும் பயிர். கதையின் பழைய வடிவத்தில் காளை மேய்ந்தது கொண்டைக்கடலையை. பின்னர் புதுப்பயிர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டபோது கதையும் இடம் மாறியது என்று வாதிடலாம். கொண்டைக்கடலைச் செடி மாட்டின் வாய்க்கு எட்டும் என்பதால் கதையும் பொருந்திவிடும். ஆனால் கொண்டைக்கடலை மழைக்காலம் முடிந்தபின் விதைத்துப் பனியில் விளையும் பயிர். கார்த்திகக் கடைசியில் அதன் அறுவடை தொடங்கியிருக்காது. முதல் விளைச்சல் படையல் என்ற கூறு அங்கே உடைகிறது. இந்த விளக்கம் கவர்ச்சியானது. நாள்காட்டி இதற்கு இடம் தரவில்லை.

அந்த நாளில் உண்மையில் களத்துக்கு வரத் தொடங்கும் பழைய பயிர் கேழ்வரகு. படையல் ஏதாவது இருந்திருந்தால் அது கேழ்வரகையும் அதோடு வளர்ந்த பயறுகளையும் சார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஊகமே. ஆனால் பயிர் மாறியும் படையல் தொடர்வது தென்னிந்தியக் கோயில்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய் இன்று கிராமத்து யாகங்களில் கொட்டப்படுகிறது. அதை யாரும் அந்நியமாகக் கருதுவதில்லை.

திங்கட்கிழமையின் வயது

பொருளைவிட நாள் பழையது என்று கொள்ளக் காரணங்கள் வலுவானவை. கார்த்திகத் திங்கட்கிழமைகள் தென்னகம் முழுவதும் சிவன் கோயில்களுக்குரியவை. தமிழ்நாட்டில் கார்த்திகைச் சோமவாரத்தில் சங்காபிஷேகம் நடக்கிறது. பெங்களூர் வழக்கத்தைத் தமிழ் வழக்கோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்க் கார்த்திகை சூரியக் கணக்கில் நவம்பர் நடுவில் பிறக்கும். கன்னடக் கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிறந்து அடுத்த அமாவாசையில் முடியும். அதனால் பரிஷெயின் நாள் ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக நகர்கிறது. 2023இல் அது டிசம்பர் 11. 2024இல் நவம்பர் 25. 2025இல் நவம்பர் 17. கடைசியாகச் சொன்ன நாள் கன்னடருக்குக் கார்த்திகத்தின் கடைசித் திங்கள், தமிழருக்கோ கார்த்திகையின் முதல் திங்கள்.

இந்த நகர்வும் ஒரு சான்று. கடலை அறுவடையை மட்டும் கருதி ஏற்படுத்திய சந்தை, நான்கு வாரம் முன்பின்னாக ஊசலாடும் நாளைத் தேர்ந்திருக்க வேண்டியதில்லை. நாள் கோயிலுடையது, சரக்கு அந்த நாளில் வந்து சேர்ந்துகொண்டது.

பக்கத்திலிருக்கும் கவிபுரத்துக் குகைக்கோயில் இதற்கு நல்ல துணைச் சான்று. கவி கங்காதரேசுவரர் கோயிலில் சங்கராந்தி மாலையில் சூரியக் கதிர் நந்தியின் கொம்புகளுக்கிடையே நுழைந்து லிங்கத்தின் மேல் விழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். வானியல் நோக்கில் ஆராய்ந்தவர்கள் ஒளி ஆண்டில் இருமுறை விழுவதைக் காட்டியுள்ளனர்: சனவரி 13 முதல் 16 வரை, மீண்டும் நவம்பர் 26 முதல் டிசம்பர் 2 வரை. டிசம்பர் 21ஐ நடுவாக வைத்து எண்ணினால் இரண்டும் ஏறத்தாழச் சம தொலைவில் உள்ளன. சூரியன் தெற்கே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஓவியர்களான டேனியல்கள் வரைந்த படங்களோடு ஒப்பிட்டு, கோயிலில் பிற்காலத்தில் கட்டடங்கள் சேர்ந்ததையும் அந்த ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். கார்த்திகத்து ஒளிக்கு யாரும் கூடுவதில்லை. மக்கள் கூடும் நாளைக் கதிர் மட்டும் தீர்மானிக்கவில்லை. பண்டிகையும் சேர்ந்தே தீர்மானித்தது. பரிஷெயின் நாளும் கடலையால் மட்டும் அமைந்ததல்ல என்பதற்கு அரை மைல் தொலைவிலேயே இப்படி ஓர் இணை இருக்கிறது.

ஆவணம் இருக்கும் சந்தை, இல்லாத சந்தை

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, யோக்மோக் என்ற சிற்றூரில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் குளிர்காலச் சந்தை கூடுகிறது. வெப்பம் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரிக்குப் போகும் நாள்களிலும் சாமி இனத்தார் கலைமான் தோலும் இறைச்சியும் கைவினைப் பொருள்களும் கொண்டுவருவார்கள். அந்தச் சந்தையின் தொடக்கத்தை 1605 என்று குறிக்க முடிகிறது. ஒன்பதாம் கார்ல் மன்னர் வடநிலத்து வணிகத்தைக் குறிப்பிட்ட இடங்களில் குவித்து வரி வாங்கவும், மக்களைத் திருச்சபையின் கீழ்க் கொண்டுவரவும் விரும்பினார். வரி இருந்தால் ஏடு இருக்கும். ஏடு இருந்தால் வயது தெரியும்.

சுங்கேனஹள்ளிச் சந்தையை எந்த அரசரும் ஆணையிட்டு ஏற்படுத்தியதாக மரபுகூடச் சொல்லவில்லை. கெம்பே கௌடர் கதையில் கோயில் கட்டுபவராகவே வருகிறார். அவருடைய பெயரோடு ஒட்டிய 1537 என்ற ஆண்டு கோட்டை, பேட்டை, ஏரிகள், கோயில்கள் அனைத்துக்கும் பொதுவான தொடக்கப் புள்ளியாகிவிட்டது. அதை அப்படியே சந்தைக்கும் நீட்டுவது எளிது.

பெங்களூரின் வரலாற்றில் இந்த நீட்டிப்பு ஒருமுறை கல்வெட்டால் திருத்தப்பட்டிருக்கிறது. வேட்டையில் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வேகவைத்த அவரை தந்ததால் ஊர் ‘பெந்தகாளூரு’ ஆனது என்ற கதையும் குளிர்கால விளைபொருளைச் சுற்றியதே. ஆனால் பேகூரில் கிடைத்த சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த நடுகல், பல்லாளர்களுக்கு முன்பே ‘பெங்களூரு’ப் போரைக் குறிப்பிடுகிறது. மடிவாளச் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘வெங்களூர்’ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைப் பேசுகிறது. அவரைக் கதை அதனால் மறையவில்லை; தை மாதத்தில் அவரைக்காய் மேளாக்கள் நடக்கும்போதெல்லாம் சொல்லப்படுகிறது. கதையாகச் சொல்லப்படும்வரை அதில் குறையில்லை. கடலைக் கதைக்கும் அதே நிலைதான் உரியது.

வயல் போனபின் சந்தை

சந்தையின் இன்றைய உருவத்துக்குக் காரணமான நிகழ்ச்சி 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக். நெருக்கமான பேட்டையிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த வடக்கே மல்லேஸ்வரமும் தெற்கே பசவனகுடியும் நேர்ச் சாலைகளோடு உருவாயின. சுங்கேனஹள்ளியின் வயல்கள் மனைகளாயின. கல்வி கற்ற நடுத்தர வகுப்பார் குடிவந்தனர். 1917இல் நேஷனல் உயர்நிலைப் பள்ளி, 1943இல் வித்யார்த்தி பவன் உணவகம், 1945இல் கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பா நிறுவிய கோகலே பொது விவகார நிறுவனம் என்று ஒரு புது ஊர் பழைய ஊரின் மேல் எழுந்தது. சிற்றூரின் பெயர் மாநகராட்சி வார்டுப் பெயராகவே பெரிதும் எஞ்சியது.

விளைவிப்பவர் ஊரார் என்ற நிலை மாறி, வாங்குபவர் ஊரார் என்றானது அப்போதுதான். முதல் விளைச்சலைப் படைக்க வந்தவரின் இடத்தில், கடலை விற்க 80 கிலோமீட்டர் பயணம் செய்து வருபவர் நிற்கிறார். படையல் சடங்காகச் சுருங்கியது, சந்தை பெருகியது. ஒரு நாள் நிகழ்ச்சி அண்மைக் காலத்தில் பல நாள்களுக்கு நீண்டிருக்கிறது. வளையல், பொம்மை, பஞ்சுமிட்டாய், இராட்டினம் எல்லாம் சேர்ந்துகொண்டன. மல்லேஸ்வரத்திலும் இதே பெயரில் ஒரு சந்தை நடத்தப்படுகிறது. நெகிழிப் பையைத் தவிர்க்கும்படி அறிவிப்புகள் வருகின்றன. துணிப்பையோடு வருவோர் கூடியிருக்கிறார்கள், ஆனால் மறுநாள் சாலையில் கிடப்பது கடலைத்தொலி மட்டுமல்ல. நந்தியின் காலடியில் பிறப்பதாகச் சொல்லப்படும் விருஷபாவதி நகரின் கழிவுநீரைச் சுமந்து அர்க்காவதிக்கும் அதன் வழியே காவிரிக்கும் போகிறது.

முடிவு

கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு மூன்று கூறுகளுக்கும் தனித்தனி வயது சொல்லலாம். கோயில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்ற மரபை ஐயுறப் பெரிய காரணம் இல்லை. கார்த்திகத் திங்கள் வழிபாடு அதனினும் பழைய, பரந்த சைவ வழக்கின் பகுதி. கடலை மட்டும் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் அது இந்தத் திருவிழாவின் மையத்தில் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெங்களூரே கூடும் கடலைச் சந்தை என்ற இன்றைய உருவம் பசவனகுடி நகர்ப்பகுதியானபின் ஏற்பட்டது.

ஆகவே 500 ஆண்டுக் கடலைச் சந்தை என்ற தொடரை அரசு அறிவிப்புகளும் பாடநூல்களும் கைவிட வேண்டும். அறநிலையத் துறையின் கோயில் கணக்கேடுகளிலும் பழைய நகராட்சிப் பதிவுகளிலும் தரைவாடகை, பந்தல், காவல் ஆகியவற்றுக்கான குறிப்புகளைத் தேடித் தொகுப்பது பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ள வேண்டிய பணி. தலைமுறைகளாகக் கடை போடும் குடும்பங்களின் வாய்மொழியை மாலூரிலும் சிந்தாமணியிலும் கிருஷ்ணகிரியிலும் பதிவுசெய்வதும் அதே அளவு அவசரமானது. மூத்த வியாபாரிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.